மானின் எண்ணிக்கையை யார் முடிவு செய்வது?

மண்டாய் லேக் ரோட்டுக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. அதில் பேருந்து ஓடாது. மனிதர்கள் நடக்கவும் கூடாது. மண் நிரப்பி, மரமும் புதரும் நட்டு, 2019 டிசம்பரில் விலங்குகளுக்காகத் திறந்துவிடப்பட்ட பாலம் அது. அதைக் கடப்பதாகக் கேமராக்களில் பதிவான விலங்குகளில் உருவத்தில் பெரியது கடமான். தமிழ்நாட்டில் சில ஊர்களில் இதை மிளா என்பார்கள். வளர்ந்த ஆண் மான் ஒன்று 200 கிலோவுக்கு மேலும் எடை இருக்கலாம்.

கடமான் சிங்கப்பூருக்குப் புதிதன்று. இங்கேயே வாழ்ந்த விலங்குதான். காடு அழிந்ததாலும் வேட்டையாலும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது இத்தீவில் அற்றுப்போய்விட்டது என்று கருதினார்கள். பிறகு 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து சில மான்கள் தப்பின. இன்று மண்டாயிலும் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலும் தென்படுபவை பெரும்பாலும் அவற்றின் வழிவந்தவை என்று கருதப்படுகிறது. கூண்டிலிருந்து தப்பிய விலங்கு தன் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டது! எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் அறிவியல் ஆசிரியருக்கு மகிழ்ச்சியோடு ஒரு கணக்கும் உடனே நினைவுக்கு வரும்.

மானைத் தின்ன இங்கே யாரும் இல்லை. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி 1930ல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது. சிறுத்தையும் இல்லை. மலைப்பாம்பு குட்டியை விழுங்கலாம். வளர்ந்த கடமானை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே இன்று சிங்கப்பூர் மானுக்கு முதன்மையான எதிரி வாகனம். அதனால்தான் அந்தப் பாலமும், அதற்கு முன்பே 2013ல் புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே கட்டிய 62 மீட்டர் நீளப் பாலமும்.

இரைகொல்லி இல்லாத இடத்தில், சாலையையும் பாதுகாப்பாக்கிவிட்டால் என்ன ஆகும்? உயிரியல் பாடத்தில் எண்ணிக்கை வளர்ச்சி வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, கடைசியில் உணவும் இடமும் போதாமல் வளைந்து நிற்கும் கோடு. அந்தக் கோடு எங்கே நிற்கிறதோ அதைத் தாங்குதிறன் என்கிறோம். ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி உண்டு. காடு தாங்கும் எண்ணிக்கை வேறு, அதன் அருகே வாழும் மனிதர்கள் தாங்கிக்கொள்ளும் எண்ணிக்கை வேறு. இரண்டாவது எண்ணை யார் சொல்வது?

மான் வேட்டை இருக்கும் நாடுகளில் இந்தக் கேள்வி நூறாண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றம் வரை போய்க்கொண்டிருக்கிறது. அங்கே சண்டையின் மையத்தில் பல நேரங்களில் ஒரே ஆள் நிற்கிறார்: நிலம் அவருடையது, ஆனால் அவர் அங்கே குடியிருப்பதில்லை. வெளியூர் நிலக்காரர்.

அமெரிக்காவில் காட்டு விலங்கு யாருக்கும் தனிச் சொத்தன்று. உங்கள் நிலத்தில் மான் மேய்ந்தாலும் அது உங்களுடையது ஆகாது. மக்கள் சார்பில் மாநில அரசு அதைப் பாதுகாக்கிறது. வேட்டை உரிமத்தை அதுவே வழங்குகிறது. நிலக்காரரிடம் இருப்பது ஒரே உரிமைதான், தன் நிலத்துக்குள் யார் நுழையலாம் என்று சொல்வது. இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. 1900ஆம் ஆண்டு வாக்கில், கட்டுப்பாடற்ற வேட்டையால், வெண்வால் மான்கள் ஐந்து லட்சத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டன என்பது மதிப்பீடு. இன்று அவை ஏறத்தாழ மூன்று கோடி. ஓர் இனத்தைக் காப்பாற்றிய வெற்றிக் கதை அது. இப்போது மான் மிகுந்துபோய் பயிர் அழிகிறது, காட்டில் இளமரம் தலைதூக்குவதில்லை, சாலை விபத்து நடக்கிறது.

மாநில அரசு என்றால் அந்த மாநில மக்களின் அரசு. அப்படியானால் வெளி மாநிலத்தவருக்கு எவ்வளவு உரிமை? மொன்டானா மாநிலத்தில் 1976ல் எல்க் எனும் பெரிய மானை வேட்டையாட உள்ளூர்க்காரர் 9 டாலர் கட்டினார். வெளியூர்க்காரர் வாங்கவேண்டிய உரிமத்தின் விலை 225 டாலர். இருபத்தைந்து மடங்கு! இது அநீதி என்று வழக்குத் தொடுத்தார்கள். 1978ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பொழுதுபோக்கு வேட்டை அடிப்படை உரிமையன்று என்பதே அதன் சாரம்.

அயோவா மாநிலத்தின் கதை இன்னும் சுவையானது. சோள வயல்களும் சிறு காடுகளும் கலந்த ஊர். பெரிய கொம்புள்ள ஆண் மான்களுக்குப் பேர்போனது. வெளி மாநிலத்தவருக்கு, ஆணோ பெண்ணோ எந்த மானையும் சுடும் உரிமம் ஆண்டுக்கு 6,000 மட்டுமே. கேட்பவர் கூட்டமோ பெரிது; பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். நிலம் வாங்கிவிட்டால் வரிசை குறையும் என்று எதிர்பார்த்தால் அதுவும் நடப்பதில்லை. அயோவாவில் நிலம் வைத்திருந்து, ஆனால் அங்கே நிரந்தரமாகக் குடியிராத சிலர், உள்ளூர் நிலக்காரருக்குக் கிடைக்கும் சலுகை தங்களுக்கும் வேண்டும் என்று வழக்காடினார்கள். 2013ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. வரி கட்டுகிறோம், வேலி போடுகிறோம், மரம் நடுகிறோம், எங்களுக்கு ஏன் உரிமம் இல்லை என்ற அவர்கள் தரப்பு வாதம் அத்தோடு ஓயவில்லை. சட்டமன்றத்தில் அது திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கிறது.

பெண் மானை மட்டும் சுடும் உரிமம் வெளியூர்க்காரருக்கு அங்கே எளிதாகக் கிடைக்கும். கொம்புள்ள ஆணைச் சுடுவதுதான் கடினம். விதி எழுதியவர்கள் ஏன் இப்படிப் பிரித்தார்கள்?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு காட்டில் 50 ஆண், 50 பெண், மொத்தம் 100 மான்கள். ஒரு பெண் மான் ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனுகிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாலும் முதுமையாலும் சாவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதல் காட்டில் 20 ஆண்களைச் சுடுகிறார்கள். மிச்சம் 30 ஆண், 50 பெண். ஓர் ஆண் மான் பல பெண் மான்களுடன் சேரும் என்பதால் குட்டிகள் குறைவதில்லை. 50 குட்டிகள் பிறக்கும். மொத்தம் 130. இரண்டாம் காட்டில் 20 பெண்களைச் சுடுகிறார்கள். மிச்சம் 50 ஆண், 30 பெண். குட்டிகள் 30. மொத்தம் 110. இரண்டு காட்டிலும் சுட்டது அதே 20 மான்கள். ஒரே ஆண்டில் வித்தியாசம் 20. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு நீங்களே நீட்டிப் பாருங்கள். குட்டிகளில் பாதி பெண், அவை இரண்டாம் வயதில் ஈனத் தொடங்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண் மானை எத்தனை சுட்டாலும் கூட்டம் எளிதில் குறையாது. கூட்டத்தைக் குறைக்கவேண்டுமானால் பெண் மானைச் சுடவேண்டும். ஆனால் சுவரில் மாட்டக் கொம்பு வேண்டும் என்று வருபவருக்குப் பெண் மான் எதற்கு? அவருக்கு மான் நிறைய இருக்கவேண்டும், அவற்றில் பெரிய கொம்புள்ளவை தன் நிலத்தில் ஒதுங்கவேண்டும். பக்கத்து வயலில் சோளம் விதைத்தவருக்கு மான் குறையவேண்டும். இருவரும் ஒரே விலங்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வெளியூர் நிலக்காரர் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டால், வேட்டைக் காலம் முழுவதும் அவருடைய நிலம் மான்களின் புகலிடம் ஆகிவிடும். இரவில் அவை வேலி தாண்டிப் பக்கத்து வயலில் மேயும். மானுக்கு எல்லைக்கல் தெரியாது.

(தமிழில் எல்லாவற்றையும் கொம்பு என்றே சொல்லிவிடுகிறோம். மானின் கொம்பு எலும்பு. பெரும்பாலும் ஆணுக்கு மட்டும் முளைக்கும். பல இனங்களில் ஆண்டுதோறும் விழுந்து புதிதாக வளரும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருப்பது நகம் போன்ற கெரட்டின் உறை போர்த்திய கொம்பு. ஒருமுறை முளைத்தால் விழாது. தேர்வில் கேட்டால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

ஸ்காட்லாந்தில் நிலைமை நேர்மாறு. அங்கேயும் காட்டு மான் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதைச் சுடும் உரிமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. நிலக்காரர் எத்தனை மான் சுடுகிறார், எத்தனையை விட்டுவைக்கிறார் என்பது பெரிதும் அவர் விருப்பம். அந்த நாட்டில் நிலம் மிகச் சிலர் கையில் குவிந்திருக்கிறது. தனியார் கிராமப்புற நிலத்தில் பாதி, 500க்கும் குறைவான உரிமையாளர்களிடம் இருக்கிறது என்பது அங்கே பலரும் எடுத்துக்காட்டும் மதிப்பீடு. அவர்களில் பலர் லண்டனிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள். விக்டோரியா அரசியின் காலத்திலிருந்து மலைப் பண்ணையை வாங்கி இலையுதிர் காலத்தில் மட்டும் வந்து வேட்டையாடுவது செல்வர்களின் வழக்கம். ஆண்டுக்கு எத்தனை ஆண் மான் சுடலாம் என்பதை வைத்தே அந்தப் பண்ணைக்கு விலை பேசுவார்கள். விலை மானின் தலையில் இருக்கும்போது மானைக் குறைக்க யாருக்கு மனம் வரும்?

1990ல் சுமார் ஐந்து லட்சமாக இருந்த ஸ்காட்லாந்து மான்கள், இப்போது பத்து லட்சம் வரை இருக்கலாம் என்பது அரசாங்கம் அமைத்த குழு 2020ல் தந்த அறிக்கையின் கணிப்பு. ஓநாய் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. மான்கள் இளம் பைன் கன்றுகளை முளைக்கும்போதே கடித்துவிடுவதால் பல பள்ளத்தாக்குகளில் கிழமரங்கள் மட்டும் நிற்கின்றன. பிள்ளைகள் இல்லாமல் முதியவர்கள் மட்டும் வாழும் கிராமம் போல. 2023 அக்டோபரில் அங்கே ஆண் மான்களைச் சுடக்கூடாத மாதங்கள் என்ற விதியையே நீக்கிவிட்டார்கள். நம் கணக்குப்படி அது மட்டும் போதாது என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

இதைப் படித்துவிட்டு, வெளியூர்க்காரர் என்றாலே கெடுதல் என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். அதே ஸ்காட்லாந்தில் கிளென்ஃபெஷி என்ற பள்ளத்தாக்கை 2006ல் ஒரு டென்மார்க் செல்வர் வாங்கினார். அண்டர்ஸ் பொவ்ல்சன் என்பது அவர் பெயர். அங்கே மான் எண்ணிக்கை பெருமளவு குறைக்கப்பட்டது. வேலியே போடாமல் பைன் கன்றுகள் தாமாக முளைத்து வளர்ந்தன. அக்கம்பக்கத்து வேட்டைப் பண்ணைகளில் முணுமுணுப்பு. காட்டியல் அறிஞர்கள் அதைப் பார்க்கப் போகிறார்கள். இங்கே வெளிநாட்டு நிலக்காரர்தான் காட்டின் பக்கம் நின்றார்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு மூணாற்றில் இருக்கிறது. 1877ல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஓர் ஆங்கிலேயர் பெற்ற மலைநிலம், ஏறத்தாழ 1,37,000 ஏக்கர், பின்னர் கண்ணன் தேவன் கம்பெனியின் கைக்கு வந்தது. தேயிலை பயிரிட்டவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள். கம்பெனியின் பதிவு அலுவலகமோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில்! பங்குதாரர்களில் எத்தனை பேர் மூணாற்றுக் குளிரை அனுபவித்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. தேயிலைக்கு ஏற்காத உயர்ந்த புல்வெளியான இரவிகுளத்தைத் தோட்ட அதிகாரிகள் வேட்டைக்காக ஒதுக்கிவைத்தார்கள். 1928ல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்து, யார், எப்போது, எதைச் சுடலாம் என்று விதி வகுத்தார்கள். காவலர்களாக இருந்தவர்கள் அம்மலையின் முதுவர் பழங்குடியினர். காட்டின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தவர்கள் அவர்கள்; விதியை எழுதியவர்கள் வேறு.

அங்கே முக்கிய விலங்கு வரையாடு. அது மான் இல்லை, ஆட்டுக் குடும்பம். இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. வேட்டைக்காரர்கள் விரும்பியது முதுகில் வெள்ளிநிறத் திட்டுள்ள முதிய கிடாய்களை. கிடாய்களை அளவோடு சுட்டால் கூட்டம் குறையாது என்பதை மேலே பார்த்தோம். அந்தச் சுயநலம் ஒரு விதத்தில் வரையாட்டுக்கு நன்மையாய் முடிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்ற இடங்களில் திருட்டு வேட்டையில் அது மறைந்துகொண்டிருந்தபோது இரவிகுளத்தில் பிழைத்துக் கிடந்தது. 1971ல் கேரள அரசு சட்டம் இயற்றிப் பயிரிடாத நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கம்பெனி வழக்குப் போட்டது; 1972ல் இந்திய உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1975ல் இரவிகுளம் சரணாலயம் ஆனது, 1978ல் தேசியப் பூங்கா. 2025ல் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 வரையாடுகள் தென்பட்டன. தனி ஓர் இடத்தில் ஆகப் பெரிய கூட்டம் இன்றும் இரவிகுளத்தில்தான்.

அப்படியானால் அந்தக் கம்பெனிக்கு நன்றி சொல்லவேண்டுமா? வரையாடு பிழைத்ததற்கு அது ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அது யாருக்கும் பதில் சொல்லக் கட்டுப்பட்டிருக்கவில்லை. சங்கத்தின் மனம் மாறி, ஒரு பத்தாண்டு தாறுமாறாகச் சுட்டிருந்தால் தட்டிக் கேட்க அம்மலையில் யாருக்கு அதிகாரம் இருந்தது? நல்ல முதலாளி கிடைத்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஓர் இனத்தை விட்டுவைக்க முடியாது. பொவ்ல்சனுக்கும் இது பொருந்தும். அவர் நாளை விற்றுவிட்டால் அந்தப் பைன் கன்றுகள் அடுத்து வாங்குபவரின் கருணையில்.

என் கருத்து இதுதான். ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைவிட, முடிவின் விளைவு யார் தலையில் விழுகிறது என்று பார்க்கவேண்டும். நிலம் வைத்திருப்பவருக்குத் தன் நிலத்தின் கதவைத் திறக்கவும் சாத்தவும் உரிமை உண்டு. ஆனால் அந்த வட்டாரத்தில் மொத்தம் எத்தனை விலங்கு இருக்கலாம் என்பதில் அவருடைய ஏக்கர் கணக்கு எடைக்கல் ஆகக்கூடாது. நூறு ஏக்கர்காரருக்கு நூறு குரல், குடிசைக்காரருக்கு ஒரு குரல் என்றால் அது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. அதற்காக உள்ளூர்க்காரர் சொல்வதெல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. பயிரை இழந்த விவசாயியிடம் கேட்டால் மான் ஒன்றுகூட வேண்டாம் என்பார். அவர் கோபம் நியாயம், அவர் சொல்லும் எண்ணிக்கை பூச்சியம். அதையும் விதியாக்க முடியாது. முதலில் எண்ணவேண்டும்; எண்ணியதை எல்லார் கண்ணிலும் படும்படி வெளியிடவேண்டும்; அடுத்த ஆண்டு மறுபடி எண்ணவேண்டும்.

சிங்கப்பூருக்கு இது எதற்கு? இங்கே வேட்டையே இல்லையே, நிலத்தில் பெரும்பகுதி அரசாங்கத்துடையதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. இங்கே ஏக்கர் பேசுவதில்லை. தொலைபேசி பேசுகிறது.

2017 தொடக்கத்தில் சின் மிங் அவென்யூ, தாம்சன் வியூ பகுதியில் சுற்றித் திரிந்த 24 கோழிகளை அப்போதைய வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் கொன்றது. அதற்கு முந்திய ஓராண்டில் அவ்வட்டாரத்திலிருந்து வந்த புகார்கள் 20. அதிகாலையில் சேவல் கூவுகிறது என்பதே புகார். செய்தி வெளியானதும் பலர் கொதித்தார்கள். பறவைக் காய்ச்சல் அபாயம்தான் முதன்மைக் கவலை என்று ஆணையம் பிறகு விளக்கியது. பறவைக் காய்ச்சல் உண்மையான ஆபத்து. அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் பொதுமக்கள் மனத்தில் பதிந்தது ‘20 புகார், 24 கோழி’ என்ற கணக்குத்தான்.

இந்த 20 என்ற எண்ணை அறிவியல் மாணவராகப் பாருங்கள். அங்கே எத்தனை வீடுகள்? 20 புகாரும் 20 வீடுகளிலிருந்தா, ஒரே வீட்டிலிருந்து சிலவா? சேவல் கூவுவதை விரும்பியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் தொலைபேசியை எடுத்திருக்க மாட்டார்கள். ‘எனக்குக் கோழி பிடித்திருக்கிறது’ என்று யார் அரசாங்கத்துக்கு அழைக்கப் போகிறார்கள்! புகார் என்பது தானாக முன்வருபவர்களின் குரல். அது மாதிரிக் கணக்கெடுப்பு ஆகாது. கோபம் உள்ளவர் மட்டும் பேசும் கணக்கில் கோபம் மட்டுமே நூறு விழுக்காடாக இருக்கும். அயோவாவின் நிலக்காரர் சட்டமன்றத்தில் பேசுவதும், இங்கே ஒருவர் திரும்பத் திரும்ப அழைப்பதும் ஒரே வகை. இருவரும் மற்றவர்களைவிட உரக்கப் பேசுகிறார்கள். தவறு அவர்கள் மீது இல்லை. கேட்பவர் எண்ணாமல் கேட்டால்தான் தவறு.

அதன்பின் நிலைமை முன்னேறியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2019ல் விலங்கு சார்ந்த பொறுப்புகள் தேசியப் பூங்காக் கழகத்துக்கு மாறின. நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் இங் முன்னின்று கொண்டுவந்த மசோதாவால் பழைய சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஜூனில் வனவிலங்குச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல்முறை 5,000 வெள்ளி வரை அபராதம். இரக்கத்தால் ரொட்டி போடுகிறவருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தாங்குதிறனைச் செயற்கையாக உயர்த்துவது அந்த ரொட்டிதான். இன்று நீங்கள் போட்ட ரொட்டிக்காக நாளை காட்டுப்பன்றி பேருந்து நிறுத்தத்துக்கு வரும். அப்போது அதைப் பிடிக்கச் சொல்லி இன்னொருவர் அழைப்பார்.

லிட்டில் இந்தியா பக்கம் போனால் காக்கையைப் பார்ப்பீர்கள். அதற்கும் நம் கதைக்கும் உறவு உண்டு. 1890களில் மலாயாவின் கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுவைத் தின்ன வைப்பதற்காக இலங்கையிலிருந்து காக்கைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தோட்டத்துக்கு நல்லது என்று தோட்டக்காரர்கள் எடுத்த முடிவு. காப்பித் தோட்டங்கள் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. காக்கை தெற்கே பரவி, 1940களில் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. பின்னாளில் அதைச் சுட்டுக் குறைக்கப் பொதுப்பணம் செலவானது. தேக்காவில் மேசையில் வைத்த புரோட்டாவைக் காக்கை கொத்திக்கொண்டு போகும்போது, அந்தத் தோட்டக்காரர்களில் ஒருவரையும் நாம் கேள்வி கேட்க முடியாது.

மானுக்கே திரும்புவோம். இப்போது சிங்கப்பூரில் கடமான்கள் மிகக் குறைவு. அவற்றைக் காப்பதுதான் இன்றைய வேலை, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பாலங்கள் பயன் தந்து, உங்களுக்கு என் வயதாகும்போது அவை பெருகியிருந்தால், ஒரு நாள் கேள்வி வரும்: கருத்தடை மருந்து கொடுப்பதா, வேறிடத்துக்கு மாற்றுவதா, கொல்வதா, விட்டுவிடுவதா? அப்போது யாரைக் கேட்பார்கள்?

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நம்மையே பார்த்துக்கொள்ளவேண்டும். மான் காணொளியைப் பகிர்ந்து இதயப் படம் போடுகிற நம்மில் பெரும்பாலோர் பொங்கோலிலும் ஜூரோங்கிலும் பத்தாவது மாடியில் வசிப்பவர்கள். மானைப் பொறுத்தவரை நாமும் வெளியூர்க்காரர்கள்தான். விடியற்காலை நான்கு மணிக்கு மண்டாய்ச் சாலையில் மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு 200 கிலோ மான் குறுக்கே வருவது இதயப் படம் இல்லை, உயிர்ப் பிரச்சினை. அந்தச் சாலையில் இரவுப் பணிக்குப் பேருந்து ஓட்டுபவர், அப்பகுதித் தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர், காட்டோரம் புல் வெட்டுபவர், இவர்களில் யாரும் புகார்த் தொலைபேசியில் அதிகம் அழைப்பவர்கள் அல்லர். இணையக் கருத்துக்கணிப்பிலும் இருக்கமாட்டார்கள். இவர்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதிக்கொள்வதும் கணக்கெடுப்பின் ஒரு பகுதியாக இருக்கவேண்டும் என்பேன். முதுவர் காவலர்களை யாரும் கேட்காமல் விட்டது மூணாற்றில் அன்று நடந்தது. இங்கே அது நடக்கவேண்டிய அவசியம் இல்லை.

தேசியப் பூங்காக் கழகம் கடமான்களின் எண்ணிக்கை மதிப்பீட்டை, எப்படிக் கணித்தார்கள் என்ற விளக்கத்தோடு, ஆண்டுதோறும் எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டால் நல்லது. ஆண் எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை என்று பிரித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் உயர்நிலை மூன்று மாணவர் ஒருவரே அடுத்த பத்தாண்டுக்கு வரைபடம் போட்டுவிடலாம்.

இதற்கிடையில் மண்டாய்ப் பக்கம் போகும்போது மானைப் பார்த்தால், கிட்டே போகாமல், உணவு நீட்டாமல், நாள், நேரம், இடம், கொம்பு இருந்ததா இல்லையா, கூடவே குட்டி இருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். கடமானில் கொம்பு ஆணுக்கு மட்டும்தான். ஆனால் கொம்பு விழுந்த பருவத்தில் ஆணும் பெண் போலத் தெரியும் என்பதால், சந்தேகம் இருந்தால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் படத்தோடு பதிவேற்றலாம்.